கடைசிப் பந்தி

ஐம்பத்தைந்து நிமிடத்தில் கொழும்பு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மாசிலாமணியின் விரல் தானாகக் கைக்கடிகாரத்தின் திருகுக்குப் போனது. விமானம் ஏறி உட்கார்ந்ததும் இறங்கப்போகிற ஊரின் நேரத்துக்கு முள்ளைத் திருப்பிவிடுவது அவருடைய நாற்பது வருடப் பழக்கம். திருகைப் பிடித்த பிறகுதான் உறைத்தது, இந்த ஊருக்குத் திருப்ப வேண்டியதில்லை, அங்கேயும் இதே மணிதான், திருச்சியில் குக்கர் விசில் அடிக்கிற நேரத்தில்தான் அங்கேயும் உலை கொதிக்கும். இத்தனை நாடு சுற்றியதில் முள்ளைத் தொடாமல் போகிற முதல் நாடு இது. கடைசி நாடும் இதுதான். உலகத்தில் நூற்றுத் தொண்ணூற்றைந்து நாடு என்பது அவருடைய கணக்கு, பிறந்த நாட்டையும் சேர்த்து நூற்றுத் தொண்ணூற்று நான்கில் அவருடைய கால் பட்டாயிற்று. கால் என்றால் செருப்புக் கால் இல்லை. செருப்பைக் கழற்றி வெறுங்காலை மண்ணில் வைக்க வேண்டும், அந்த ஊர்ச் சாப்பாடு ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும், இரண்டும் நடந்தால்தான் நோட்டில் எண் விழும். யாரும் கேட்காத சட்டம், அவரே போட்டுக்கொண்டது. கப்பலில் இன்ஜின் அறையில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிய மனுஷனுக்குச் சட்டம் இல்லாவிட்டால் சோறு இறங்காது. ஐஸ்லாந்தில் பனியில் வெறுங்காலோடு நின்ற இவரைப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டு அழுதிருக்கிறது. அதைப் போனில் சொன்னபோது மனைவி பவளம் சிரித்தாள், குழந்தைக்காவது புரிஞ்சுதே என்றாள். அப்போது அதைக் கேலி என்றுதான் எடுத்துக்கொண்டார். கேலிதான். அவள் கேலியில்லாமல் எதையுமே சொல்ல மாட்டாள், அதனாலேயே அவள் சொன்னதில் எதுவும் இவர் காதுக்குள் இறங்காமல் போயிற்று.

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காவிரி வெறும் மணலாகத் தெரிந்தது, அதன் நடுவே ஒரு நூல் தண்ணீர். இதில்தான் அவள் சாம்பலைக் கரைத்தார்கள். கரைத்தது மகள் சுகந்தி, இவர் இல்லை. அதை இப்போது நினைக்க வேண்டாம் என்று பார்வையைத் திருப்பினால் பக்கத்து இருக்கைக்காரர் காத்துக்கொண்டிருந்தவர்போலச் சிரித்தார். “மொத தடவைங்களா சார்?” “ஆமா.” “நான் மாசத்துக்கு நாலு தடவை. சேலை யாவாரம். பேரு அப்பாஸ். காலைல போயிட்டு ராவைக்கு வீட்ல வந்து சோறு திங்கிற நாளெல்லாம் உண்டு சார். நம்மளுக்கு இது துறையூர் போற மாதிரி.” மாசிலாமணி தலையாட்டினார். துறையூர் போகிற மாதிரி. கோவைக்கு ரயிலில் போவதென்றால் ஐந்து மணி நேரம், பெங்களூரில் இருக்கிற மகள் வீட்டுக்கு ஒரு ராத்திரி, இதற்கு ஐம்பத்தைந்து நிமிடம், அதிலும் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் போக வானத்தில் பறப்பது அரை மணி. அந்த அரை மணியைக் கடப்பதற்கு அவர் பெருவுக்குப் போனார், பராகுவே போனார், ஆப்பிரிக்காவின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை போனார், சுற்றிச் சுற்றி வந்தார். மூக்கைத் தொடுவதற்குத் தலையைச் சுற்றிக் கையைக் கொண்டுபோகிற கதை. இருக்கைக்கு அடியில் சிவப்புப் பெட்டி காலில் இடித்தது. சின்னப் பெட்டி, சக்கரம் வைத்தது, கைப்பிடியில் கடைக்காரன் கட்டிய விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. கத்தரித்துவிடலாம் என்று நேற்று கத்தரியை எடுத்தார், கை வரவில்லை. அவள் கத்தரிக்காமல் விட்டதைக் கத்தரிப்பதற்கு நான் யார் என்று தோன்றிவிட்டது.

அவள் பவளம். ஸ்பின்னிங் மில் வாட்ச்மேன் பெருமாளின் இளைய மகள். இவருடைய அப்பா அதே மில்லில் ஃபிட்டர். சிலோன்காரங்க வீட்டுப் பெண்ணா என்று அம்மா ஒரு மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள், பிறகு பெண்ணின் சிரிப்பைப் பார்த்து இறங்கிவந்தாள். கல்யாணத்தன்று மில் தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாக வந்துவிட்டார்கள், பந்திமேல் பந்தி ஓடியது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்காரச் சொன்னார்கள், இவர்தான் மறுத்தார். வந்தவங்க முதல்ல சாப்பிடட்டும், வீட்டுக்காரங்களுக்குக் கடைசிப் பந்திதான் மரியாதை. அப்பா அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தார். எந்த விசேஷத்திலும் அப்பா கடைசிப் பந்தியில்தான் உட்காருவார், அதில் அவருக்கு ஒரு கௌரவம். மூன்றரை மணிக்கு இலை போட்டார்கள். சாம்பார் தண்ணீராக இருந்தது, கூட்டு அடிப்பிடித்திருந்தது, பாயசம் வரவேயில்லை. புதுப்பெண் குனிந்த தலை நிமிராமல் இவர் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொன்னாள்: “பந்திக்கு முந்துன்னுதானே சொல்வாங்க?” அவள் இவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதை எத்தனை கப்பலில், எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார், துறைமுகத்துக்குத் துறைமுகம் சொன்னார். ஆனால் அதற்குப் பதில் மட்டும் அவளிடம் சொன்னதில்லை. பாயசம் இல்லாமல் எழுந்துபோன பெண்ணுக்கு அன்றைக்கு ஒரு ஓட்டலிலாவது வாங்கிக்கொடுத்திருக்கலாம். மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடை இருந்தது. தோன்றவில்லை. கப்பல் ஏறுவதற்குப் பதினெட்டு நாள் இருந்தது, அந்தப் பதினெட்டு நாளும் அவர் அவளுக்கு உலக வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

வரைபடத்தில் அவள் விரல் வைத்த இடம் ஒன்றே ஒன்று. “இங்க. பொகவந்தலாவைக்குப் பக்கத்துல. லயத்துல நாலாவது காம்பிரா எங்களோடது.” லயம் என்றால் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகள், காம்பிரா என்றால் அதில் ஒரு அறை. அந்த ஒரு அறையில் ஆறு பேர். அவள் அங்கே பிறந்தாள், அவளுடைய அப்பா அங்கே பிறந்தார். பிறகு இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து இத்தனை லட்சம் பேர் உங்களுக்கு, இத்தனை லட்சம் பேர் எங்களுக்கு என்று ஆட்களைப் பிரித்துக்கொண்டார்கள். பெருமாளுக்கு இந்தியா என்று சீட்டு வந்தது. மூத்தவள் ராமாயிக்குப் பதினெட்டு வயது, அப்போதுதான் அடுத்த தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், அவள் புருஷன் வீட்டுக்கு இலங்கை என்று சீட்டு. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது பிளாட்பாரத்தில் இருந்தவர்களும் அழுதார்கள், பெட்டியில் இருந்தவர்களும் அழுதார்கள், அந்த ரயிலுக்கே அழுகைக் கோச்சி என்றுதான் பெயர். பவளத்துக்கு ஒன்பது வயது. ஜன்னலில் கையை நீட்டினாள், ராமாயி அக்கா கூடவே ஓடிவந்து ஒரு ரொட்டித் துண்டைக் கையில் திணித்தாள், சீக்கிரம் வாடி என்றாள். மன்னார் வரும்வரைக்கும் அந்த ரொட்டியைத் தின்னாமல் வைத்திருந்தேன் என்று பவளம் சொல்வாள். கடைசியாத் தின்னலாம்னு வச்சிருந்தேன், கப்பல்ல ஏறும்போது எவனோ தட்டிவிட்டுட்டான். இதைச் சொல்லிவிட்டும் சிரிப்பாள். “எங்களை ரெண்டு நாடு எண்ணிப் பிரிச்சுக்கிச்சு, நீங்க நாட்டை எல்லாம் எண்ணிட்டு வாங்க. சரியாப்போச்சு.” அவருக்கு அது அருமையான வசனமாகப் பட்டது. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கூட வைத்தார்.

முதலில் இலங்கையில் உள்நாட்டுச் சண்டை நடந்தது, அவளை அங்கே கூட்டிப்போகாததற்கு அது காரணம். அது வெறும் சாக்கு இல்லை, நியாயமான காரணம்தான், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்தச் சண்டைக் காலத்திலேயே அவருடைய கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே பதினொரு நாள் நங்கூரம் போட்டு நின்றதே. கரைக்குப் போக மூன்றாம் நாள் படகு வந்தது, சீட்டுக் கொடுத்தார்கள், கூட வேலை பார்த்தவர்கள் போய்வந்தார்கள். இவர் போகவில்லை. மேல்தளத்தில் நின்று விளக்குகளைப் பார்த்தார், மனசெல்லாம் நிறைந்திருந்தது, இந்த நாட்டில் அவளோடுதான் கால் வைப்பேன் என்று தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டார். ஊருக்கு வந்ததும் பெருமையாகச் சொன்னார்: உனக்காக இறங்கலை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். “இறங்கியிருந்தா ஒரு பாக்கெட் தேயிலையாவது வாங்கியாந்திருக்கலாம்ல?” “மொம்பாசாத் தேயிலை வாங்கியிருக்கேனே, கென்யாவுல ஒசத்தி.” அவள் பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்தாள். நல்லாத்தான் இருக்கு என்றாள். அந்தப் பாக்கெட் ஒரு வருடம் அலமாரியில் இருந்தது. இதோ இப்போது, மேகத்துக்கு மேலே, கையில் விமானப் பணிப்பெண் கொடுத்த காகிதக் கோப்பைத் தேநீரோடு, அவருக்கு அந்த மோந்து பார்த்த மூக்கு ஞாபகம் வருகிறது, விரிந்து சுருங்கிய மூக்கு, அதில் ஒற்றைக்கல் மூக்குத்தி. தேநீரைக் குடிக்க முடியவில்லை. தட்டில் வைத்தார். “சூடு இல்லீங்களா?” என்றார் அப்பாஸ்.

ஓய்வு பெற்ற பிறகாவது போயிருக்கலாம். சண்டை முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஆனால் கப்பலில் போன கடற்கரை நாடுகள் போகக் கப்பல் போகாத நாடுகள் நூறு பாக்கி கிடந்தன, ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் இன்னும் எத்தனை வருடம் ஒத்துழைக்குமோ என்ற பயம். தூரத்து நாடுகளை முதலில் முடித்துவிட வேண்டும். பக்கத்தில் இருப்பது எங்கே ஓடிவிடும்? அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது, கடைசி நாடு சிலோன், ரெண்டு பேரும் சேர்ந்து. எண்ணம் வந்ததும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது, இப்படி ஒரு முடிவு எந்தப் பயணிக்கு வாய்க்கும்! அவளிடம் சொன்னது நேரில்கூட இல்லை, மங்கோலியாவில் இருந்து. உலான்பத்தரில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகை குளிர், பல் கிடுகிடுக்க போனைக் காதில் அழுத்திக்கொண்டு, நூற்றுப் பதினெட்டாவது முடிஞ்சது பவளம் என்று கத்தினார். பொங்கலுக்கு ஐந்தாறு நாள் இருந்தது. அவள் முதலில் கேட்டது, நீங்க எப்ப திரும்புவீங்க? “தை பத்துக்கு மேல ஆகும். கேளு, ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். உங்க ஊரைத்தான் கடைசிக்கு வச்சிருக்கேன், உனக்காகவே எடுத்து வச்சிருக்கேன். ஊரார் எல்லாம் சாப்பிட்டுப் போகட்டும், கடைசிப் பந்தியில நீயும் நானும் உக்காருவோம்.” அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரொம்ப நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று ஹலோ ஹலோ என்றார். பிறகு அவள் குரல் வந்தது, மெதுவாக, சிரிக்கிற மாதிரிதான்: “சரி. இலை போடுங்க, வர்றேன்.” திரும்பி வந்தபோது பரணில் இந்தச் சிவப்புப் பெட்டி இருந்தது. யாருக்கு இது என்றார். தள்ளுபடியில கிடைச்சது, கிடக்கட்டும் என்றாள். கிடந்தது, ஒன்பது வருடம் கிடந்தது. அந்தப் போனில் அவள் சும்மா இருந்த நேரத்தை இப்போது அவர் மறுபடி மறுபடி கேட்கிறார். எவ்வளவு நேரம் இருக்கும்? அரை நிமிடம்? அந்த அரை நிமிடத்தில் அவள் எதை முழுங்கினாள்?

அதற்குப் பிறகு அது அவளுக்கு வாய்ப்பாடு ஆகிவிட்டது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பேசும்போது, எத்தனையாவது என்பாள், எண்ணைச் சொன்னதும், இலை போடுங்க வர்றேன் என்பாள். ராமாயி அக்காவோடு வீடியோவில் பேச ஆரம்பித்திருந்தாள், அக்கா மகனின் போனில். அக்கா மெலிந்துவிட்டாள், அக்காவுக்குப் பல் போய்விட்டது, அக்காவுக்குக் கொழுந்து பறித்துப் பறித்து விரலெல்லாம் வெடித்துக் கறுத்துவிட்டது என்று இவரிடம் சொல்வாள். அக்காவை இங்கே வரவழைக்கலாம் என்றால் அவளுக்கு வயிற்றுப்பாடே பெரும்பாடு. ஒரு தடவை இவர் சொன்னார், அதான் போன்ல மூஞ்சி பார்த்துப் பேசியாச்சுல்ல, அப்புறம் என்ன அவசரம்? இப்படி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்தது என்பதை நம்ப முடியாமல் மாசிலாமணி இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். யாராவது வேற ஒருவன் சொல்லியிருந்தால் காறித் துப்பியிருப்பார். நூற்றுத் தொண்ணூற்று நான்காவது துவாலு. கடலுக்கு நடுவே கோணல் மாணலாக ஒரு துண்டு நிலம், வாரத்துக்கு மூன்றே விமானம். செருப்பைக் கழற்றிக் கால் வைத்து, மீனும் சோறும் தின்று, நோட்டில் எண் போட்டு, அவளைக் கூப்பிட்டார். முடிஞ்சது பவளம், அடுத்தது உன்னோடதுதான். அவள் குரல் கொஞ்சம் இளைத்திருந்தது, நெஞ்சுல ஏதோ கரிக்குது, கடலைமாவு பலகாரம் ஒத்துக்கலை போல என்றாள். பிறகு, இலை போடுங்க, வர்றேன். மறுநாள் காலையில் சுகந்தி அழைத்தாள். அம்மா போயிட்டாங்கப்பா. அவ்வளவுதான் சொன்னாள். விமானம் அன்றைக்கு இல்லை, மறுநாள் வந்தது நிரம்பிவிட்டது, மூன்று விமானம் மாறி அவர் திருச்சிக்கு வந்தது ஐந்தாம் நாள். வாசலில் செருப்பைக் கழற்றினார். சுகந்தி அவருடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். “மூணு நாள் வச்சிருந்தோம்ப்பா. அதுக்கு மேல முடியலை. அம்மா கேட்டது அவங்க ஊரு ஒண்ணுதான்ப்பா.” அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசியிருந்தால் தேவலை.

அத்தோடு முடிந்திருந்தால் இந்த விமானத்தில் அவர் ஏறியிருக்கவே மாட்டார். நோட்டை மூடிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார், நூற்றுத் தொண்ணூற்று நான்கோடு நின்றது நிற்கட்டும் என்றுதான் இருந்தார். போன மாதம் சட்டைப் பொத்தான் அறுந்தது. ஊசி நூலுக்காக அவளுடைய தையல் மிஷினின் இழுப்பறையைத் திறந்தார். பாபின்கள், சாக்கட்டி, உடைந்த இன்ச் டேப், அதற்கு அடியில் நீலமாக ஒன்று. பாஸ்போர்ட். பெ. பவளம். அவள் படம், தலையை அழுத்தி வாரி, காதில் தோடு தெரிய, சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரன் சொல்லியிருப்பான், உதட்டின் ஓரத்தில் சிரிப்பை அடக்கி வைத்திருந்தாள். பிறந்த இடம் பொகவந்தலாவை. கணவர் பெயர் மாசிலாமணி. அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், புரட்டிப் புரட்டிக் கடைசிப் பக்கம்வரை போனார், மறுபடி முதலில் இருந்து வந்தார். ஒரு முத்திரை இல்லை. அவருடைய பாஸ்போர்ட்டுகள் எட்டு, எல்லாம் நிரம்பி வழிந்தவை, கூடுதல் தாள் ஒட்டியவை. இது அப்படியே புத்தம்புதிது, தாளில் இன்னும் பசை வாசனை. எடுத்த தேதியைப் பார்த்தார், மங்கோலியா போவதற்கு ஒரு மாதம் முந்தி. இன்னும் நாலு மாசம் செல்லும். சொல்லாமல் எடுத்திருக்கிறாள். விண்ணப்பம் எழுதி, போலீஸ் விசாரணைக்கு வந்தவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, தபால்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, எல்லாம் தனியாக. ஏன் சொல்லவில்லை? சொல்லாமல் போய்வந்துவிடலாம் என்று நினைத்தாளா? நினைத்தவள் ஏன் போகவில்லை? கோபத்தில் கிழித்துப் போடவும் இல்லை, கண்ணில் படுகிற மாதிரி மேஜைமேல் வைக்கவும் இல்லை, பாபினுக்கு அடியில் வைத்துவிட்டு எட்டு வருடம் அதன்மேல் உட்கார்ந்து ரவிக்கை தைத்திருக்கிறாள். எட்டு வருடமும் மனசுக்குள் இவரைத் திட்டிக்கொண்டேதான் இலை போடுங்க என்றாளா? அந்தச் சிரிப்பு சிரிப்புதானா? சுகந்தியைக் கேட்டார், எனக்குத் தெரியாதுப்பா என்றாள், குரல் உடைந்தது. ராமாயி அக்காவைக் கேட்டார். “நேர்ல வாங்க தம்பி, சொல்றேன்” என்றாள். அதற்காகத்தான் போகிறார். நூற்றுத் தொண்ணூற்றைந்து என்ற எண்ணுக்காக இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், ஆனால் கைப்பையில் நோட்டு இருந்தது, அதுவும் அவருக்குத் தெரியும், நாய்வாலை நிமிர்த்த முடியுமா.

“அந்தா பாருங்க சார், ராமேஸ்வரம்” என்று அப்பாஸ் இவர் மடிமேல் சாய்ந்து ஜன்னலைக் காட்டினார். மெல்லிய நிலத்துண்டு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது, அது முடிந்த இடத்திலிருந்து மணல்திட்டுகள், ஒன்று, இன்னொன்று, வெளிர்ப்பச்சைத் தண்ணீரில் மங்கலாக. எண்ண ஆரம்பித்தார், ஏழுவரை எண்ணிவிட்டு நிறுத்தினார். எதைப் பார்த்தாலும் எண்ணுகிற இந்தப் புத்தியை என்ன செய்வது. இதே தண்ணீரைத்தான் ஒன்பது வயதுப் பிள்ளை கப்பலில் கடந்தது, ரொட்டி போய்விட்டதென்று அழுதுகொண்டு. இது வழியாகவே திரும்பிப் போவோம் என்று நினைத்திருக்கும். விமானம் கீழே இறங்க ஆரம்பித்தது. அக்கா என்ன சொல்வாள்? உங்களை மன்னிக்கவே மாட்டேன்னு சொன்னா தம்பி என்பாளா? ஒரு பட்டியலுக்காக என்னை அடைச்சு வச்சிட்டாருன்னு அழுதா என்பாளா? சொல்லட்டும். அப்படிச் சொன்னால் அது இவருக்குத் தகும். காலில் விழுந்துவிடலாம், வயதில் மூத்தவள்தானே. அதைவிட மோசமாக ஏதாவது இருக்குமோ என்பதுதான் பயம், அதைவிட மோசம் என்ன என்று அவரால் நினைக்க முடியவில்லை, நினைக்கப் போனால் அந்த அரை நிமிட மௌனத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. தென்னைகள் மேலே ஏறிவந்தன. சக்கரம் தரையைத் தொட்டது. அப்பாஸ் எழுந்து பையை இறக்கி, “சந்தோசமா சுத்திப் பாருங்க சார், நம்ம ஊரு மாதிரியேதான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு முன்னால் போனார்.

பாஸ்போர்ட் பார்க்கிற வரிசையில் நின்றபோது மனசு வெறுமையாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், நெற்றியில் சின்னதாகத் திருநீறு. கையை நீட்டினாள். இவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் பிரித்தாள், படத்தைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். “ஐயா, இது அம்மாட பாஸ்போட்.” அவர் விழித்தார். அவள் மறுபடி குனிந்து படித்தாள், முகம் மலர்ந்தது. “பொகவந்தலாவையா? அம்மா எங்கட பக்கம்தானா! நான் நோர்வூட். அவங்க பின்னுக்கு வாறாங்களா?” மாசிலாமணி திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். வரிசையில் இரண்டு வெள்ளைக்காரர்கள், ஒரு கன்னியாஸ்திரி, குழந்தையைத் தோளில் போட்ட ஒருவர். “இல்லம்மா. அவ இல்லை. ஒண்ணரை வருஷமாச்சு.” அந்தப் பெண் கையை வாயில் வைத்துக்கொண்டாள். இவர் தன்னுடையதைக் கொடுத்தார், அவள் முத்திரை குத்தினாள், அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம், ஒவ்வொரு நாட்டிலும் அதைக் கேட்டதும் உள்ளே ஒரு பொறி தட்டும், இன்றைக்குத் தட்டவில்லை. வாய் அதுபாட்டுக்குக் கேட்டது: “அதுலயும் ஒண்ணு குத்திக் குடுப்பியாம்மா? ஒரே ஒண்ணு.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பவளத்தின் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். “ஆள் வராம அடிக்க ஏலாது ஐயா. அது சட்டம்.” அவர் வாங்கிக்கொண்டார். சட்டம் அவருக்குத் தெரியாததா.

வெளியே ராமாயி அக்கா கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அடையாளம் தேட வேண்டியிருக்கவில்லை, பவளத்துக்கு எழுபத்திரண்டு வயது ஆகியிருந்தால் அப்படித்தான் இருந்திருப்பாள், அதே மூக்கு. அவள் முதலில் பார்த்தது பெட்டியை. “இதுதான் அந்தச் செவப்புப் பெட்டியா?” என்றாள். இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகன் வேன் எடுக்கப் போயிருக்கிறான், இப்படி உட்காருங்கள் என்று மரத்தடியில் சிமெண்டு பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள். இவர் பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். வெடித்த கறுத்த விரலால் அவள் தங்கையின் படத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். இதற்குமேல் தாங்காது என்று இவர் கேட்டுவிட்டார். “அக்கா, இதை எடுத்து வச்சிட்டு அவ ஏன் வரலை? எம்மேல அவ்வளவு கோவமா?”

“கோவமா? நல்லாக் கேட்டீங்க தம்பி. பொங்கலுக்கு வாறேன்னு நாள் குறிச்சாச்சு. டிக்கெட்டுக்கும் பேசியாச்சு. செவப்புல பெட்டி வாங்கியிருக்கேன் அக்கான்னா. நான் காம்பிராவுக்கு வெள்ளை அடிச்சேன். நாலு நாள் இருக்கையில போன் போட்டா, வரல்லன்னா. அந்த மனுசன் ஏதோ குளிர் நாட்டுல இருந்து பேசுறாரு அக்கா, பல்லு நடுங்குது அவருக்கு. நம்ம ஊரை எனக்காகக் கடைசிக்கு எடுத்து வச்சிருக்காராம், ரெண்டு பேரும் சேந்து போவணுமாம். நான் முந்திப் போயிட்டா அவருக்கு எடுத்து வச்சது ஒண்ணுமில்லாமப் போயிருமே. சின்னப்புள்ள மாதிரி ஆசைப்படுறாரு, கெடுக்க வேணாம்னா. நான் நல்லா ஏசினேன். எங்க போயிரப் போறோம் அக்கா, இத்தன வருசம் இருந்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள்தானேன்னா.”

மாசிலாமணிக்குக் காது அடைத்துக்கொண்டது. திட்டியிருந்தாளென்றால் அதைச் சுமந்துகொண்டு மிச்ச நாளை ஓட்டியிருப்பார், அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். அவள் இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. பல் நடுங்கியதைத்தான் கேட்டிருக்கிறாள். அந்த அரை நிமிடத்தில் பொங்கலையும் அக்காவையும் வெள்ளையடித்த சுவரையும் ஒன்றாக முழுங்கிவிட்டு, சிரிக்கிற குரலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவருக்கு அழுகை வந்தது, வாய்விட்டு, வெட்கமில்லாமல், போகிறவர்கள் திரும்பிப் பார்க்க அழுதார். அக்கா தடுக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள், வாழையிலையில் கட்டிய தேங்காய் ரொட்டியும் தொட்டுக்கொள்ளச் சம்பலும், இலையை விரித்துப் பெஞ்சில் வைத்தாள்.

“சாப்பிடுங்க தம்பி. விடிய நாலு மணிக்குச் சுட்டது. செருப்பைக் கழட்டிட்டு வசதியா உக்காருங்க, மண்ணு குளிச்சியாத்தான் இருக்கு.”

ரொட்டியில் ஒரு துண்டு பிட்டு வாயில் வைத்துக்கொண்டார். கால் இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார், செருப்போடு.

“இருக்கட்டும்க்கா” என்றார்.